தண்ணீரை அளந்தவர் மகள்

என் போனில் பெயர்கள் கிடையாது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால், ஒவ்வொருவருக்கும் ஒரு படம் வைத்துக் கொடுத்திருந்தார் கோமதி அம்மா. என் மருமகளுக்கு அவள் முகம், கேஸ் கொண்டுவருகிறவனுக்குச் சிவப்பு சிலிண்டர், ஆஸ்பத்திரிக்கு ஓர் ஊசி. தனக்குத் தன் முகத்தையே வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, ஏதோ வாக்குவாதத்தின் நடுவில் திரும்பிப் பார்க்கிற முகம். போன மாதம் ஒரு காலையில் கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அந்த முகம் வந்தது. "இன்னா தங்கச்சி, காத்தாலயே கூப்புட்டுகினு?" என்றேன். பதில் அவர் குரலில் வரவில்லை.

"அண்ணாச்சி, நான் சங்கரன் பேசறேன். அக்கா எழுந்திருக்கல."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முகம் அப்படியேதான் இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் மந்தாரக்குப்பத்தில் அவர் கடைக்கு வந்து போனவர்களாக இருப்பீர்கள். மீதிப்பேர் அவருடைய கட்டற்ற மென்பொருள் கூட்டங்களில் அவர் பேச்சைக் கேட்டவர்களாக இருப்பீர்கள். உங்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்கலாம். நான் ஏழுமலை. அந்தக் கடை வரிசைக்குக் காவல்காரன். அதற்கு முன் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக இருந்தவன். சொந்த ஊர் கம்மாபுரத்துப் பக்கம். அவரைப் பற்றி எழுத வேண்டியவர்கள் படித்தவர்கள்தான். ஆனால் அவர் கடைசியாக எடுத்த ஒரு முடிவில் எனக்கும் பங்கு உண்டு. அதை வேறு யாராலும் சொல்ல முடியாது என்பதால் நான் சொல்கிறேன், மருமகள் எழுதிக்கொள்கிறாள்.

அவர் என்னை 'அண்ணாச்சி' என்று முதன்முதலில் கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர்.

"நான் இன்னாம்மா பருப்பு, புளியா விக்கறேன்? அண்ணாச்சின்றீங்க?"

"எங்க திருநெல்வேலிப் பக்கம் மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவோம். வேணும்னா ஒரு தராசு வாங்கித் தாறேன், பொருத்தமா இருக்கும்."

அவர் திருநெல்வேலியைப் பார்த்ததெல்லாம் கோடை விடுமுறைகளில்தான். பிறந்து வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். அவர் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் போனபின், தம்பி சங்கரன் குடும்பத்தோடு கோமதி அம்மா அந்த வீட்டிலேயே இருந்தார். சங்கரன் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். கோமதி அம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் கொஞ்சகாலம் வேலை பார்த்துவிட்டு, பிடிக்காமல் வந்து இந்த ரிப்பேர் கடையைப் போட்டவர்.

ஏன் பிடிக்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன். குவார்ட்டர்ஸ் கதையைச் சொன்னார். "வீடு நல்ல வீடுதான் அண்ணாச்சி. மாமரம், முருங்கை மரம், குழாயைத் திறந்தா தண்ணி. ஆனா சொவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா அப்பா யோசிப்பாரு. ஃபியூஸ் போனா தொடக்கூடாது, ஆள் வரணும். முப்பது வருஷம் குடியிருந்தும் அந்தச் சொவத்துக்குள்ள ஒயர் எந்தப் பக்கம் போகுதுன்னு எங்களுக்குத் தெரியாது. நான் பார்த்த வேலையும் அப்படித்தான் இருந்துச்சு. ஜனங்களைக் குடி வச்சுட்டு, சொவத்தைத் தொடாதேன்னு சொல்ற வேலை."

எங்கள் பழக்கம் ஒரு காகிதத்தில் தொடங்கியது. காவல் வேலைக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர் ஏதோ ஒப்பந்தம் என்று கொடுத்துக் கைநாட்டு வைக்கச் சொல்லியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு தெருவோடு போன என்னை அவர் கூப்பிட்டு, "கொடுங்க, நான் படிச்சுச் சொல்றேன்" என்றார். வேண்டாம் என்றேன். கலியமூர்த்தியிடமும் தனகோடியிடமும் கொடுக்கப் போகிறேன் என்றேன். கலியமூர்த்தி ஒரு தொழிற்சங்கம், தனகோடி எதிர்ச் சங்கம். ஒருவர் உட்கார்ந்த டீக்கடை பெஞ்சில் மற்றவர் உட்காரமாட்டார்.

"எதுக்கு ரெண்டு பேர்? ஒருத்தர் படிச்சாப் போதாதா?"

"ஒருத்தரு படிச்சா அவரு சொல்றதுதாம்மா காகிதம். ரெண்டு பேரு படிச்சாத்தான் காகிதத்துல இன்னா இருக்குதுன்னு தெரியும். அந்த ரெண்டு பேரும் கூட்டாளியா இருந்தாலும் ஆவாது. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்காதவனா இருக்கணும்."

"முதல் ஆள் என்ன படிச்சார்னு ரெண்டாவது ஆள்கிட்ட சொல்லுவீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? மனசுல வச்சிகினு கேப்பேன். எங்க மாறுதோ அங்க நிறுத்தி, 'இந்த வரிய இன்னொரு வாட்டி படி'ம்பேன்."

நான் ஏதோ நகைச்சுவை சொன்னதுபோல மேசையைத் தட்டிச் சிரித்தார். கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, "கேளுங்க, கேளுங்க. நாங்க மைக் பிடிச்சுத் தொண்டை கிழியக் கத்தறதை இவர் டீக்கடையில செஞ்சுட்டு இருக்காரு" என்றார். பிறகு அவர் வேலையை எனக்கு விளக்கினார். எந்த மெஷினுக்குள்ளும் ஓர் எழுத்து இருக்கிறது. அது சொல்கிறபடிதான் மெஷின் ஓடுகிறது. சிலர் அந்த எழுத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். சிலர் மெஷினை மட்டும் விற்றுவிட்டு எழுத்தைப் பூட்டி வைத்துக்கொள்வார்கள். நம்பு என்பார்கள். "படிக்கவிடாதவன் நம்புன்னு சொன்னா, அது வேண்டுதல் இல்ல, உத்தரவு" என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை. நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அவர் கடையில் தரையோடு ஓடிய நீல ஒயரையும் உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். தடுக்கி விழுந்தவர்கள் எப்படி மறப்பீர்கள். நானே ஒருமுறை இரண்டு டீயோடு விழப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் காற்றிலிருந்து நெட் பிடிக்கிற ஒரு சின்ன சில்லு இருக்கிறதாம். அது வேலை செய்ய அதைச் செய்தவன் எழுதிப் பூட்டிய ஓர் எழுத்தை உள்ளே ஏற்ற வேண்டுமாம். மற்றதெல்லாம் திறந்த எழுத்தாக வைத்திருந்தவர், அந்த ஒன்றுக்காக மனம் இறங்கவில்லை. காற்றே வேண்டாம் என்று ஒயர் இழுத்துக்கொண்டார்.

பண்ருட்டியிலிருந்து வந்த முந்திரி வியாபாரி ஒருவர் தடுக்கிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, ஊரே காத்துல நெட் புடிக்குது. நீங்க மட்டும் தாம்புக்கயிறு கட்டி இழுக்கறீங்க?"

"தாம்புக்கயிறுன்னா மறுமுனையில எந்த மாடு நிக்குதுன்னு தெரியும்ல?"

அவரும் விடவில்லை. "சரி, என் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தது இலவசமாமே. கவர்மெண்டு மிக்ஸி மாதிரி நாலு நாள்ல பொகை வருமா?"

"வந்தா ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள பாக்கலாம். பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லமாட்டாங்க. நான் சொல்றது அந்த இலவசம்."

ஆனால் தன் பிடிவாதத்தை அவர் அடுத்தவர் தலையில் கட்டியதில்லை. அந்த வியாபாரிக்குக் காற்றில் நெட் வேண்டும் என்றபோது, பூட்டிய எழுத்தை ஏற்றித்தான் கொடுத்தார். "இது ஒண்ணு மட்டும் மூடியிருக்கு, உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கொடுத்தார். கேட்டால் போடுவேன், சொல்லாமல் போடமாட்டேன் என்பது அவர் கணக்கு. வியாபாரி "எனக்குத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது" என்று எடுத்துக்கொண்டு போனார்.

நான் அவரோடு ஒத்துப்போனவன் அல்ல. சண்டை போட்டவன். அதனால்தான் பழக்கம் நீடித்தது. ஒருநாள் கேட்டேன்: "தொறந்து வச்ச எழுத்து, தொறந்து வச்ச எழுத்துன்றியே தங்கச்சி, அத்தனையும் நீ படிச்சிட்டியா?"

சாலிடரிங் கம்பியைக் கீழே வைத்தார். "இல்ல அண்ணாச்சி. ஆயுசு போதாது."

"அப்ப நீயும் நம்பித்தான வச்சிகினு இருக்கற?"

"நம்பித்தான் வச்சிருக்கேன். ஆனா அவன் கதவைத் திறந்து வச்சிருக்கான். நான் படிக்கலேன்னா இன்னொருத்தன் படிப்பான். ஒருத்தனுக்கொருத்தன் ஆகாதவனெல்லாம் படிக்கிறான். உங்க கலியமூர்த்தியும் தனகோடியும்தான், கொஞ்சம் பெரிய டீக்கடை."

பிறகு ஒருநாள் அவரே முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். திறந்த எழுத்திலேயே ஒருவன் கெட்டதைச் செருகிவிட்டானாம். திடீரென்று வந்தவன் இல்லை. கூடவே இருந்து, நல்லபடியாக வேலை செய்து, எல்லோருடைய நம்பிக்கையையும் சம்பாதித்துக்கொண்டு அப்புறம் செருகியிருக்கிறான். வேறு யாரோ ஒருவர், மெஷின் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே என்று நோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாராம்.

"பாத்தியா, தொறந்து போட்டா திருடன் வருவான்னு நான் சொல்லல?" என்றேன். குத்திக்காட்ட வாய்ப்புக் கிடைத்தால் விடுவேனா.

"திறந்திருந்ததாலதான் பிடிச்சாங்க அண்ணாச்சி." பிறகு அவரே சொன்னார்: "ஆனா அந்த ஒருத்தர் அன்னிக்குச் சோம்பலா இருந்திருந்தா? கதவு திறந்திருந்தாப் போதாது. ஆள் உள்ள வந்து பார்க்கணும். பல பேர் பார்க்கறாங்கன்னு நான் சொன்னேன்ல, பல பேர் பார்க்கறாங்கன்னு பல பேர் நினைச்சுட்டு இருந்திருக்காங்க."

வாதத்தில் தோற்கும்போது குரலை உயர்த்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தன் பக்கத்து ஓட்டையைத் தானே எடுத்துக் காட்டியவரை அவர் ஒருவரிடத்தில்தான் பார்த்தேன்.

இனிச் சொல்லப்போவதைப் பற்றித்தான் ஊரில் ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள்.

ஒரு மத்தியானம் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஷட்டர் ஓரத்தில் தலை இடித்துக்கொண்டது. தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. சங்கரனும் நானும் புதுச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். இதயம் இடையிடையே துடிக்க மறந்துவிடுகிறது என்றார் டாக்டர். நெஞ்சில் தோலுக்கு அடியில் தீப்பெட்டி போல ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அதிலிருந்து இதயத்துக்கு ஒயர் விட்டால், இதயம் மறக்கும்போது அது தட்டி எழுப்பும். பேஸ்மேக்கர்.

கோமதி அம்மா கேட்ட முதல் கேள்வி: "அதுக்குள்ள ஓடற ப்ரோக்ராமை யார் படிச்சுப் பார்த்திருக்காங்க?"

டாக்டர் நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளவில்லை. "எத்தனையோ பேருக்கு வச்சிருக்கோம்மா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"நல்லா இருக்காங்கங்கறது சரிங்க டாக்டர். படிச்சது யாரு?"

"கம்பெனியில பார்த்திருப்பாங்க. அரசாங்கத்துலயும் சோதிச்சுத்தான் அனுமதி குடுக்கறாங்க."

"பார்த்திருப்பாங்க" என்று அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னார். வீட்டுக்கு வந்து கம்பெனிக்கு எழுதினார். எழுத்தைக் காட்டுங்கள், யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று கேட்டார். முடியாது என்று பதில் வந்தது, மரியாதையாகத்தான் வந்தது. வைத்துக்கொள்ளமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். சங்கரன் அழுதார். சங்கரன் மனைவி குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டார். இதற்குள் கோமதி அம்மா இரண்டாம் முறையும் விழுந்தார், இந்த முறை சமையலறையில், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது.

சங்கரன் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, நீங்க சொன்னா கேப்பா. உங்ககூடதான் சண்டை போடுவா. எங்ககிட்ட சண்டைகூடப் போடமாட்டேங்கறா."

போனேன். சுரங்கத்தை வைத்துத்தான் பேசினேன். எனக்குத் தெரிந்தது அதுதான். நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சுரங்கத் தரைக்கு அடியில் ஊற்றுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. பம்பு வைத்து ஓயாமல் இறைப்பதால்தான் நிலக்கரி வெட்ட முடிகிறது. இறைப்பதை விட்டால் அது தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வரும் என்பார்கள்.

"நான் எத்தினி வருசம் எறங்கினேன் தங்கச்சி. பம்பு ஓடுதான்னு எவனையாவது கேட்டனா? நம்பித்தான எறங்கினேன்? கேட்டுகினு மேலயே நின்னிருந்தா எம் புள்ளைங்க பட்டினி கெடந்திருக்கும்."

அவர் சிரித்தார். "நல்ல இடத்துல வந்து மாட்டிக்கிட்டீங்க அண்ணாச்சி. எங்கப்பாவுக்கு என்ன வேலைன்னு நினைச்சீங்க? பம்பு செக்ஷன். குழாய்க் கிணத்துல டேப்பை இறக்கி, தண்ணி எவ்வளவு கீழ நிக்குதுன்னு அளக்கறதுதான் வேலை. பம்பு ஓடுதுன்னு பம்புக்காரர் சொல்லி அவர் நம்பினதே இல்ல. மழையில நனைஞ்சுட்டுப் போய் டேப்பை விட்டுப் பார்ப்பாரு. டேப் நனைஞ்ச இடம் பொய் சொல்லாதும்பாரு. அந்த மனுஷன் பொண்ணு நான்."

அவர் அப்பா செய்த வேலை அதுவரை எனக்குத் தெரியாது. எழுந்துவிட்டேன். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் தோன்றியது. திரும்பி நின்று சொன்னேன்:

"உங்கப்பா அளந்தாரு. சரி. அவரு அளந்தத நான் பாத்தனா? அவரு எழுதி வச்சத எனக்குப் படிக்கத் தெரியுமா? அவரு அளந்திருப்பாருன்னு நம்பித்தான நான் கீழ எறங்கினேன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் நிற்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் புதுச்சேரிக்குப் போய் வைத்துக்கொண்டார். போவதற்கு முன் சங்கரனையும் என்னையும் உட்காரவைத்து ஒன்று சொன்னார். "நான் இதை ஒத்துக்கல. வேற வழி இல்லாம சுமக்கறேன். நான் செத்தா, இதைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்காதீங்க. நாங்க பார்த்தோம், நல்லா இருந்துச்சுன்னு அவங்க ஒரு தாள்ல எழுதிக் குடுப்பாங்க, நீங்களும் கண்ணைத் துடைச்சுட்டு வாங்கிப்பீங்க. அது வேண்டாம்."

அதன்பின் நாலு வருடம் இருந்தார். ஒருதரம்கூட விழவில்லை. கடை நடத்தினார், கூட்டம் போட்டார், என்னோடு சண்டை போட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுச்சேரியில் பெட்டியைச் சோதிப்பார்கள். நெஞ்சுமேல் ஒரு வட்டமான கருவியை வைத்தால் உள்ளே இருக்கிற பெட்டி, கம்பெனியின் மெஷினோடு பேசும். இவர் கையில் ஒற்றைத் தாள் வரும். "என் நெஞ்சைப் பத்தி என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்குவார்.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். அவரே நியாயமாகப் பேசினார். ஒருநாள் மாலை, கடையில் யாரும் இல்லாதபோது, நெஞ்சில் தையல் போட்ட இடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "இதை எழுதினவங்க யாரோ நல்லா எழுதியிருக்காங்க அண்ணாச்சி. எத்தனை தடவை என்னை எழுப்பி விட்டாங்களோ, எனக்கே தெரியாது. நன்றி சொல்லணும்னு இருக்கு. பேர்கூடத் தெரியல. திறந்து வச்சிருந்தா பேராவது தெரிஞ்சிருக்கும்."

பூட்டி வைத்தவர்களைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதிலேயே அதுதான் மிகவும் வருத்தமான பேச்சு. அதில் கோபமே இல்லை.

அந்தப் போன் வந்த அன்று காலை, நான் போனபோது, படுத்தபடியே இருந்தார். முகத்தில் வலியின் அடையாளம் இல்லை. விடியற்காலையில் உயிர் போயிருக்கும் என்றார் பக்கத்து நர்சிங் ஹோம் டாக்டர். எரிவாயு தகன மேடைக்குப் போன் செய்தபோது அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "நெஞ்சுல பேட்டரி மெஷின் ஏதாவது இருக்குதுங்களா? இருந்தா எடுத்துட்டுக் கொண்டாங்க. உள்ள போனா வெடிக்கும்." நர்சிங் ஹோமிலேயே எடுத்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சங்கரன் கையில் கொடுத்தார்கள். நாலு வருடம் நாங்கள் பேசிப் பேசி மாய்ந்த பொருளை அன்றுதான் நான் கண்ணால் பார்த்தேன். வழுவழுவென்று, ஆற்றுக் கூழாங்கல் போல இருந்தது.

காடாற்றுச் சடங்கு முடிந்த மறுநாள் கம்பெனி ஆள் பேசினார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தகவல் தெரிந்துகொண்டாராம். கழற்றியதை அனுப்பினால் சோதித்து ரிப்போர்ட் தருகிறோம், செலவு ஒன்றும் இல்லை என்றார். சங்கரன் டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் நான் போனேன்.

"குடுக்காதன்னு சொல்லிட்டுப் போனாளே தம்பி."

"அவ சொன்னா அண்ணாச்சி. அவ சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவும். நமக்குத் தெரிய வேண்டாமா? தூக்கத்துல அது நின்னுபோச்சா, இல்ல அதையும் மீறி உயிர் போச்சா? அவங்ககிட்டதான் மெஷின் இருக்கு. அவங்கதான் சொல்ல முடியும்."

"அவங்க பண்டத்த அவங்களே படிச்சி, அவங்களே சொல்லுவாங்களா?"

சங்கரன் அமைதியான மனிதர். அன்று அவர் குரல் உடைந்தது. "வச்சுக்க மாட்டேன்னு இருந்தவளை வச்சுக்கச் சொன்னது நீங்கதான. உங்க பேச்சைக் கேட்டுத்தான போனா. அது நல்லா ஓடிச்சுன்னு தெரிஞ்சா உங்களுக்குத்தான அண்ணாச்சி நிம்மதி?"

உண்மை. எனக்குத்தான் நிம்மதி. 'பழுது இல்லை' என்று ஒரு தாள் வந்தால், ஆகாத இரண்டு பேரைத் தேடிப் போய்ப் படிக்கச் சொல்லியிருக்கமாட்டேன். முதல் ஆள் படித்தவுடனேயே கண்ணை மூடி நம்பியிருப்பேன். அவ்வளவு ஆசை இருந்தது எனக்கு. அந்த ஆசையைப் பார்த்துத்தான் பயந்தேன். நாலு வருடத்துக்கு முன்பே அவர் அதைப் பார்த்துவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

"எனக்கு நிம்மதி வேணும் தம்பி. அதனாலதான் குடுக்க வேணாம்ன்றேன்" என்றேன்.

அவர் துணியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார். பிறகு அவரே கம்பெனி ஆளைக் கூப்பிட்டு, அனுப்பவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, கோமதி அம்மா நடத்திய மென்பொருள் குழுவிலிருந்து இரண்டு பேர் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். ஒரு கருவியும் கொண்டுவந்திருந்தார்கள். இலை எடுத்தபின் கூடத்திலேயே வைத்து, பெட்டியில் ஒயர் செருகும் துளையில் ஏதோ மாட்டினார்கள். கருவியின் திரையில் ஒரு கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. சட்டென்று ஒரு துள்ளு துள்ளியது. மறுபடியும். மறுபடியும். சங்கரன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

"ஓடுது" என்றார் அவர்களில் மூத்தவர். "பேட்டரி தீர்ற வரைக்கும் ஓடும்."

"அப்படின்னா அன்னிக்கும் ஓடியிருக்கும்ல சார்?" என்றார் சங்கரன்.

"அது தெரியாதுங்க. இன்னிக்கு ஓடறதைத்தான் வெளியில இருந்து பார்க்க முடியும். அன்னிக்கு அது என்ன பண்ணுச்சுங்கறது உள்ள பதிஞ்சிருக்கும். அதைத் திறக்கற மெஷின் அவங்ககிட்ட மட்டும்தான்."

"நீங்க திறக்க முடியாதா?"

"முயற்சி பண்ணலாம். தப்பாத் தொட்டா பதிவு அழிஞ்சிரும். சரியாத் தெரியற வரைக்கும் தொடாம இருக்கறதுதான் நல்லது. தெரியாததைத் தெரியும்னு சொன்னா அக்கா எழுந்து வந்து அடிப்பாங்க."

அழுகையோடு எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெட்டியை யார் வைத்திருப்பது என்ற பேச்சு வந்தபோது, "அண்ணாச்சியே வச்சுக்கட்டும்" என்றார் சங்கரன். கோபத்தில் சொல்லவில்லை.

கோமதி அம்மாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான். நாலு வருடம் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது என் பேச்சாலா என்றால், ஆமாம் என்று சொல்ல ஆசைதான். அவர் போனது அந்தப் பெட்டியாலா என்றால், இல்லை என்று சொல்ல ஆசைதான். ஊரில் கேட்கிறவர்களிடம் இரண்டையும் சொல்வதில்லை. தெரியவில்லை என்கிறேன். இத்தனை வயதுக்கு எத்தனையோ வீட்டுத் துக்கத்துக்குப் போய், தெரியாததையெல்லாம் தெரிந்ததுபோல ஆறுதலாகச் சொல்லிவிட்டு வந்தவன் நான். இந்த ஒரு சாவில் மட்டும் அது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கரன் வருகிறார். டீ குடித்துவிட்டு, அதைக் கொஞ்சம் கொடுங்க அண்ணாச்சி என்பார். எடுத்துக் கொடுப்பேன். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வார். போன வாரம் கேட்டார்:

"இப்போ துடிச்சுட்டு இருக்குமா?"

"அன்னிக்கு பாத்தப்ப துடிச்சிது."

"இப்போ?"

"இப்ப பாக்கலியே தம்பி."

தலையை ஆட்டிக்கொண்டார். கையைத் திறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.